வெந்நீரக்காவின் ரொட்டி

ரொட்டி மாவுப் பொட்டலத்தை வெட்டும் கத்தரியைக் கொதிநீரில் முக்கி எடுத்தாள். கிண்ணத்துக்கும் கரண்டிக்கும் அதே குளியல். பிறகு முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் குழாயை முழங்கையாலேயே தள்ளி மூடினாள். ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சைக் கருவிகளை ஆவியில் அவித்தெடுக்கும் அறையில் அவளுக்கு வேலை. அங்கே எல்லோருக்கும் அவள் வெந்நீரக்கா. சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது தேடி வந்தால், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று அவளே அனுப்பிவிட்டாலும் ஆச்சரியமில்லை.

வெதுவெதுப்பு என்ற ஒன்றை அவள் நம்புவதில்லை. "ஒண்ணு கொதிக்கணும், இல்ல ஐஸா இருக்கணும். நடுவுல இருக்கறதெல்லாம் கிருமிக்குக் கொண்டாட்டம்."

வீட்டுக்காரர் காய்கறிச் சந்தையில் ஏலம் விட்டவர். குரல் அடுத்த தெருவுக்குக் கேட்கும். தொண்டையில் கட்டி வந்து கதிர்வீச்சு கொடுத்தார்கள். கட்டி கரைந்தது, கூடவே குரலும் ருசியும் போய்விட்டன. எதை வாயில் வைத்தாலும், "காகிதத்த மெல்லுற மாதிரி இருக்கு" என்று ஒதுக்கிவிடுகிறார். இப்படியே மெலிந்தால் அடுத்த முறை மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். திரும்பி வரும் வழியில் அவர் பேசியது ஒன்றே ஒன்றுதான்: "குழாய் மட்டும் வேணாம்மா."

அவளுடைய தங்கை வீட்டில் ஒருநாள், கடையில் வாங்கிய புளித்த மாவு ரொட்டியில் ஒரு துண்டு தின்றுவிட்டு, "புளிப்பு லேசாத் தெரியுதே" என்றார். எலுமிச்சை பட்டால் தொண்டைப் புண் எரியும், இது எரியவில்லை. கடை ரொட்டியை எந்தக் கை தொட்டதோ என்ற பயத்தில் வெந்நீரக்கா ரொட்டி மாவுப் பொட்டலங்களை வாங்கி வந்தாள். புளித்த மாவைக் காயவைத்துக் கலந்தே விற்கிறார்கள். தண்ணீர் விட்டுப் பிசைந்து, பொங்க விட்டுச் சுட்டால் போதும்.

அவள் தளதளவென்று கொதிக்கிற தண்ணீரை ஊற்றினாள். ஒவ்வொரு தடவையும் செங்கல்தான் வந்தது.

"ஜன்னல் வழியா போட்டுடாத. கீழ போறவன் மண்டை உடைஞ்சா கேஸாயிடும்" என்றார் அவர், காற்றாய்ப் போன குரலில். அவள் சிரித்தாள். சிரித்த வாயோடு சமையலறைக்குப் போய் அடுத்த பொட்டலத்தை எடுத்தாள்.

அண்ணனைப் பார்க்க வந்த நாத்தனார்தான் பொட்டலத்தைத் திருப்பிப் படித்தாள். "அண்ணி, வெதுவெதுப்பான தண்ணின்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. இதுல ஈஸ்ட் இருக்கு, உயிரோட."

"உயிரோடயா? உயிரோட இருக்கறதையா உங்க அண்ணனுக்குக் குடுக்கச் சொல்ற?"

"சுடும்போது அதுவாச் செத்துடும். அதுக்குள்ள நீங்க ஏன் கொலை பண்றீங்க?"

வெந்நீரக்கா அரை மனதாகத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற விட்டு, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து ஊற்றிப் பிசைந்து மூடிவைத்தாள். ஈரத்துணியை விலக்கியபோது மாவு கிண்ணத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. மேலே குமிழிகள். தொட்டால் அமுங்கியது, விரலை எடுத்தால் மெல்ல எழும்பியது. நாத்தனார் கைதட்டினாள். வெந்நீரக்கா ஒரு எட்டுப் பின்வாங்கினாள். தானாக வளர்கிற எதையும் இப்போதெல்லாம் அவளால் நிம்மதியாகப் பார்க்க முடிவதில்லை. ஓவனில் வைத்துவிட்டு, வெந்தபிறகும் கொஞ்ச நேரம் உள்ளேயே விட்டாள்.

நாத்தனார் கிளம்பிப் போன பிறகு, ஓரமெல்லாம் நீக்கி, பஞ்சு போன்ற நடுப்பகுதியை மட்டும் பிய்த்து அவருக்குத் தட்டில் வைத்தாள். அவர் வெகுநேரம் மென்றார்.

"புளிக்குதா?"

"ம். நல்லாப் புளிக்குது. இன்னிக்குத்தான் சரியா வந்திருக்கு."

அவள் ஓவன் பக்கம் திரும்பிக் குனிந்தாள். அதன் கண்ணாடிக் கதவில் அவர் தெரிந்தார். வாயில் இருந்ததைச் சத்தமில்லாமல் கைக்குட்டையில் துப்பி, மடித்து, சட்டைப் பைக்குள் தள்ளப் பார்த்தார். பை சட்டென்று அகப்படவில்லை. அவள் திரும்பவில்லை. கரித்துணியை எடுத்து, அழுக்கே இல்லாத அந்தக் கண்ணாடியை அழுத்தித் துடைக்க ஆரம்பித்தாள். கைக்குட்டை பைக்குள் போகும்வரை துடைத்துக்கொண்டே இருந்தாள்.