ஜெயசீலி தொடாத பேட்டரி

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பொன்னேரி ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றிருந்தேன். நம் ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் முனுசாமியிடமிருந்து போன். "சார், பேட்டரி ரூம் ஜெயசீலி அக்கா பூட்டாங்க சார். நெஞ்சு வலின்னாங்களாம். ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறதுக்குள்ளயே..." என்று அழுதார். வந்த ரயிலில் ஏறாமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஐம்பத்திரண்டு சாகிற வயதா?

தேர்வாய் கண்டிகை கம்பெனியில் நம்முடன் இருந்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. புதியவர்களுக்காகச் சொல்கிறேன்: சரக்குத் தூக்கும் நம் ஆறு ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளின் பேட்டரிகளும் பல வருடங்கள் அவர் பொறுப்பில்தான் இருந்தன. நான் ஷிப்ட் சூப்பர்வைசர். ஒருமுறை அவசரத்துக்கு, டிஸ்டில்டு வாட்டருக்குப் பதிலாகக் குடிக்கிற கேன் தண்ணீரை பேட்டரியில் ஊற்றப் போனேன். "இன்னா சார், அதுக்கு விக்கல் எடுத்துச்சா?" என்று கேனைப் பிடுங்கிக்கொண்டார். ஷெட்டே சிரித்தது.

ஆர்டர் இல்லாமல் கம்பெனியை ஐந்து மாதம் மூடினோமே, அந்தச் சமயம். ஆயுத பூஜைக்கு மறுநாள் மூடுவதாக ஏற்பாடு. எல்லாரும் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருந்தார்கள். ஜெயசீலி மட்டும் பேட்டரிகளுக்கு முழுச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தார். "சும்மா கெடக்கப் போறதுக்கு எதுக்கு இவ்ளோ பாடு?" என்றேன். "சும்மா கெடந்தாதான் சார் சாவும். வயிறு ரொம்பித் தூங்கினா எழுந்துக்கும். பட்டினியா படுத்தா அவ்ளோதான்" என்றார். சார்ஜ் ஏற்றி, ஒயரைக் கழற்றி, மேலே ஈரமும் அழுக்கும் இல்லாமல் துடைத்து வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை பார்த்து, இறங்கியிருந்தால் மறுபடி சார்ஜ் போட வேண்டும். அவர் சட்டம் இவ்வளவுதான்.

பூஜைக்கு நான்தான் முன்னால் நின்றேன். ஆறாம் நம்பர் வண்டி அந்த வருடம் வந்த புது வண்டி. ஆசை ஆசையாக அதன் பேட்டரி மேல் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை சந்தனத்தைக் குழைத்துப் பூசிக் குங்குமம் வைத்தேன். மறுநாள் ஜெயசீலி சோடா உப்புத் தண்ணீரும் துணியுமாக ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு வந்தார். ஈரப்பூச்சு வழியாக கரண்ட் கசியும் என்பது அவர் கவலை. என் கண்ணில் பட்டதோ அவர் கழுத்திலிருந்த சிலுவை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், உங்களுக்குத் தெரியும். "சாமி பொட்டத் துடைக்க அவ்ளோ அவசரமா உனக்கு? ஆறாம் நம்பர்ல கை வைக்காதே!" என்று கத்தினேன். பேட்டரி ரூமில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. அவர் முகம் சுண்டிப்போயிற்று. துணியைப் பிழிந்து வைத்துவிட்டு வெளியே போனார்.

மூடியிருந்த மாதங்களில் தவறாமல் பஸ் பிடித்து வந்து மற்ற ஐந்தையும் பார்த்துக்கொண்டார். இரண்டு முறை எனக்குப் போன் செய்தார். "சார், ஆறாம் நம்பரையும் சார்ஜ்ல போட்டுடட்டுமா? நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்."

"நான் வந்து பாத்துக்கறேன்" என்றேன். போகவில்லை. வீம்புதான், வேறென்ன?

கம்பெனி திறந்த அன்று ஐந்து வண்டிகள் கிளம்பின. ஆறாவது அசையவே இல்லை. இரண்டு நாள் சார்ஜில் போட்டும் பேட்டரி ஏறவில்லை. "இது யார் பொறுப்பு?" என்று மேனேஜர் கேட்டார். ஜெயசீலி என்னைப் பார்த்தார். நான் என் ஷூவைப் பார்த்தேன். மேனேஜர் பக்கம் திரும்பி, "நான்தான் சார்" என்றார். மெமோ அவர் பெயருக்கு வந்தது. அந்த வருடம் லைன் லீடர் ஆகியிருக்க வேண்டியவர், கடைசிவரை ஆகவில்லை.

மன்னிப்புக் கேட்கத்தான் மறுநாள் பேட்டரி ரூமுக்குப் போனேன். வாய் வரவில்லை. அவரே, "வுடுங்க சார். அடுத்த பூஜைக்கு வண்டி நெத்தில பொட்டு வைங்க, பேட்டரி தலைல கொட்டாதீங்க" என்று சிரித்தார். அவர் சிரித்ததும் விஷயம் முடிந்தது என்று நிம்மதியாகத் திரும்பிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

அடக்கத்தின்போது நம்மில் ஒருவர், "நல்ல வேலைக்காரம்மா. அந்த ஒரு பேட்டரியத்தான் கோட்டை வுட்டுட்டாங்க" என்றார். பக்கத்தில் நின்றிருந்த அவர் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அங்கேயும் நான் பேசவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். ஆறாம் நம்பர் பேட்டரியைக் கெடுத்தவன் நான். ஜெயசீலி கேட்டார், இரண்டு முறை கேட்டார், நான் விடவில்லை. அவருடையது என்று என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று, அவருடைய நல்ல பெயர். என் பெயர் கெடாமலிருக்க இத்தனை வருடம் அதை வைத்துக்கொண்டிருந்தேன். அம்மாடி, உன் அம்மாவின் பெயரை வாங்கிக்கொள்.