கூண்டு ஏறினால் மழை வருமா?

துறைமுக ஆபீசில் எனக்குச் சிக்னல் வேலை. சென்னையிலிருந்து புயல் தந்தி வந்தால் கம்பத்தில் கூண்டு ஏற்ற வேண்டும். கூண்டை இழுக்கிற தார்க் கயிற்றின் வாசனையை இப்போது நினைத்தாலும் உடனே போய்க் கம்பத்தடியில் நிற்க வேண்டும்போல இருக்கிறது. கூண்டு ஏறினால் தோணிகள் கரைக்குத் திரும்பிவிடும். மூட்டை தூக்குகிறவர்களுக்கு அன்றைக்கு வேலை கிடையாது. எல்லாரும் என்னைத்தான் திட்டுவார்கள். என்னமோ நான் ஊதித்தான் காற்றுக் கிளம்புகிற மாதிரி!

கூண்டு ஏறாதா என்று ஏங்கியவன் மாடசாமி ஒருவன்தான். விளாத்திகுளம் பக்கத்தில் கரிசல் காட்டில் விவசாயம் பார்த்த சம்சாரி. மூன்று வருஷமாக ஐப்பசி மழை ஏமாற்றியதில் மாட்டை விற்றுவிட்டு, பெண்டாட்டியோடு மூட்டை தூக்க வந்திருந்தான். குடிசை விட்டத்தில் ஒரு பை கம்பு விதை தொங்கும். பட்டினி கிடந்தாலும் அதைத் தொடமாட்டார்கள். மழைக்கு முந்தியே புழுதியில் விதைப்பது அவர்கள் வழக்கம். அந்த விதை முளைத்தால்தான் ஊர் திரும்ப முடியும்.

சுதந்திரம் வந்த மறு வருஷம், ஐப்பசியில் கூண்டு ஏற்றினேன். கயிற்றைக் கட்டி முடிப்பதற்குள் ஓடி வந்துவிட்டான்.

“அண்ணாச்சி, கூண்டு ஏறிட்டு. மழை வந்துரும்லா?”

எனக்கு என்ன தெனாவட்டோ! “பெய்யாம எங்கனலே போவும்? போய் வெதைலே, நான் சொல்லுதேன்” என்றேன்.

அன்றைக்கே இருவரும் பையோடு கிளம்பிவிட்டார்கள். கேட்டுக்கொண்டிருந்த ஹெட் கிளார்க், “ஏன்வே, கூண்டு காத்துக்குல்லா? மழைக்குன்னு ஒமக்கு யாரு சொன்னா?” என்றார். சிரித்து மழுப்பினேன்.

புயல் வடக்கே போய்விட்டது. அவன் ஊரில் விதை முளைக்கிற அளவுக்கு ஒரு தூறல், அவ்வளவுதான். முளைத்ததெல்லாம் வெயிலில் கருகிப்போயிற்று.

வெறும் பையோடு திரும்பி வந்தான். “நீங்க என்ன செய்வீக அண்ணாச்சி” என்றான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அதன்பிறகு மழையைப் பற்றி யார் கேட்டாலும் தெரியாது என்றே சொல்லப் பழகினேன். வேலையில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அந்த ஒரு வார்த்தைதான்.

அடுத்த ஐப்பசியில் கூண்டு ஏற்றிவிட்டுத் திரும்பினால் மாடசாமி நிற்கிறான். மழையைத்தான் கேட்கப்போகிறான் என்று நினைத்தேன். தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

“இன்னைக்கு மூட்டை தூக்க வேலை உண்டுமா, கெடையாதா அண்ணாச்சி?” என்று கேட்டான்.