கோமளாவின் பரவாயில்லை

சோமனூரில் யாருக்கும் உடம்பு வலிக்காது. சந்தேகமிருந்தால் விசாரித்துப் பாருங்கள். கட்டிலோடு கிடப்பவர்கூட "பரவால்லீங்க, நீங்க காப்பி குடிங்க" என்பார். நலம் விசாரிக்க வந்தவரிடம் வலிக்கிறது என்று சொல்வது, பந்தியில் உட்கார்ந்தவரிடம் சோறு தீர்ந்துவிட்டது என்று சொல்வதற்குச் சமம்.

கோமளாவும் இந்த ஊர்தான். கணவர் வேங்கடசாமியோடு சேர்ந்து விசைத்தறி ஓட்டியே இடுப்பு ஒடிந்தவர். முதுகெலும்பில் ஆபரேஷன் ஆனது. முதுகு அடங்கியது, இடது கால் மட்டும் அடங்கவில்லை. நின்றால் போதும், தொடையிலிருந்து பாதம்வரை எரியும். தறிக்குடோனில் நிற்காமல் என்ன செய்வது?

கோவையில் டாக்டர் மதன்குமார் ஒரு வழி சொன்னார். தண்டுவடத்தை ஒட்டி மெல்லிய கம்பி வைத்து லேசான மின்சாரம் விட்டால், சிலருக்கு இந்த நரம்பு வலி அடங்கும். எல்லோருக்கும் கேட்காது. அதனால் முதலில் ஒரு வாரம் கம்பியை மட்டும் வைத்து, அதற்கு மின்சாரம் தரும் பெட்டியை இடுப்பில் கட்டி அனுப்புவார்கள். வலி பாதியாவது குறைந்தால்தான் உடம்புக்குள் பேட்டரி.

"குனியாதீங்க, வெயிட் தூக்காதீங்க. ஆனா நில்லுங்க, நடங்க. அப்பத்தான் தெரியும்."

வேங்கடசாமியின் காது முதல் வாக்கியத்தோடு சாத்திக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும் மனைவியைக் கட்டிலில் ஏற்றினார். பாசம், வேறென்ன. படுத்திருக்கும்போது அந்தக் கால் என்றைக்குமே எரிந்ததில்லை என்பதைப் பாசம் யோசிக்கவில்லை. உறவெல்லாம் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்தது. "பரவால்லீங்க" என்று கோமளா எல்லோரையும் தேற்றி அனுப்பினார்.

டாக்டர் போனில் கேட்டபோது எடுத்தவரும் வேங்கடசாமியே.

"முக்காவாசி போயிருச்சுங்க சார். பேட்டரி வெக்க வளர்பிறையில நாள்கூடப் பாத்துப்போட்டோம்."

கோமளா எழுந்து நடந்தார்.

"எங்க போற அம்மணி? நீ படு, நான் பாத்துக்கறேன்."

"என் காலு எரியறதையும் நீங்களே பாத்துக்குவீங்களா?"

தறி முன்னால் சும்மா நின்றார். குறுக்கே ஓடும் நாடாவில் மாட்டிய ஒரு குச்சி நூல் தீருமுன், சில நிமிடங்களிலேயே கால் பற்றிக்கொண்டது. பெட்டியில் கரண்டைக் கூட்டினார். குறுகுறுப்பு கூடியது, எரிச்சல் இருந்த இடத்திலேயே இருந்தது. மறுநாளும் நின்றார். அப்படியேதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வழக்கம்போலக் கணவரைப் பார்த்துக் கேட்டார். கணவரும் வழக்கம்போல "பரவால்லீங்க" என்றார்.

"ஏனுங்க, கம்பி யாரு முதுகுல இருக்குது?" என்றார் கோமளா.

"பயந்துக்கறாளுங்க சார்."

"பயமில்லீங்க, கோவம். டாக்டர் சார், நான் நின்னு பாத்தேன். துளிகூடக் கொறையல. ஒரு வாரமா இவரு வாயிலதான் எனக்கு நல்லாயிருச்சு. என்கிட்ட ஒருக்காக் கேட்டீங்களா?"

"வீட்டுக்காரர் சொன்னாரேன்னு..." டாக்டர் இழுத்தார்.

"அப்ப வீட்டுக்காரருக்கே வெச்சுவிடுங்க."

கம்பியை உருவினார்கள். இந்த வைத்தியம் இந்தக் காலுக்கு ஆகாது, வேறு பார்க்கலாம் என்றார் டாக்டர். இந்த முறை கோமளாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

ஜோசியர் குறித்த நல்ல நாளில் பேட்டரிக்குப் பதில் வேங்கடசாமியின் சித்தி வந்தார்.

"இப்ப எப்படியிருக்குது கண்ணு?"

"எரியுதுங்க அத்தை. அப்படியேதான் எரியுது."

சித்தி கையிலிருந்த காப்பியைப் பார்த்தார். பிறகு வேங்கடசாமியைப் பார்த்தார். அன்றைக்கு அந்த வீட்டில் யாருக்கும் காப்பி இறங்கவில்லை.