மூதூருக்குப் போன முதிரை டொபி

திருகோணமலைத் துறைமுக வீதியில் இனிப்புக்கடை என்றால் அந்தக் காலத்தில் என் கடைதான். மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்காத நான், ஜெட்டியில் தட்டேந்தி எள்ளுருண்டை விற்று எழுப்பிய கடை அது. சீனிப் பண்டத்தை எப்படிப் பேணுவது என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. அலுமாரியின் கால்களைத் தண்ணீர்ச் சிரட்டையில் நிறுத்தி எறும்பைத் தடுத்தேன். போத்தலின் அடியில் வறுத்த அரிசி போட்டு ஈரத்தை இழுக்க வைத்தேன். சவர்க்காரத்தையும் மண்ணெண்ணெயையும் கடைக்குள் விடவே இல்லை. எந்த வாசனையையும் இனிப்பு தனக்குள் வாங்கிக்கொள்ளும்.

அப்படியிருந்தும் கச்சான் என்கிற அனல் காற்று வீசும் மாதங்களில் எனக்கு இருப்புக் கொள்ளாது. மத்தியான வெயில் நேரே கண்ணாடிப் பெட்டிக்குள் விழும். காட்சிக்கு வைத்த டொபியெல்லாம் இளகிக் கடதாசியோடு ஒட்டிவிடும். அதற்கும் நானே வழி கண்டேன். தச்சரிடம் முதிரை மரத்தில் டொபி அளவுக்குத் துண்டுகள் அறுப்பித்து, இஞ்சி டொபி சுற்றும் அதே கடதாசியில் சுற்றி, ஒரு தகரப் பேணி நிறைய அடுக்கிக் கண்ணாடிக்குள் வைத்தேன். வெயில் அதை என்ன செய்யும்? பார்க்கிறவனுக்கு வாயூறும். ஊரில் வேறு எவனுக்கும் இந்த யோசனை வரவில்லை.

குடாவுக்கு அக்கரையில், மூதூரில் வயல் செய்கிற ஒரு காக்கா என் பழைய வாடிக்கை. வயதில் எனக்கு மூத்தவர்; அண்ணன் முறையில் காக்கா என்பேன். மகளுக்குக் கலியாணப் பேச்சுக்கால் என்று ஒரு பேணி இஞ்சி டொபிக்குச் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் கிண்ணியாவில் பெரிய வியாபாரிகள், சின்னக் குறை கண்டாலும் எழும்பிப் போகிற ஆட்கள் என்று பயந்து பயந்துதான் சொன்னார். அன்றைக்குப் பின்னேரம் அஸர் தொழுகை முடிய அவர்கள் வருகிறார்கள். நான் பேணியைக் கட்டி மேசைக்குக் கீழே வைத்துவிட்டு, மனைவியின் தம்பியைக் கடையில் இருத்திச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தபோது மேசைக்குக் கீழே பேணி அப்படியே இருந்தது. கண்ணாடிக்குள் இருந்த பேணியைக் காணவில்லை.

"அதையா தேடுறியள், அத்தான்? மூதூர்க் காக்கா லோஞ்சு ஊதிப்போட்டுது எண்டு நிண்டார். அடுக்கி ரெடியா இருந்ததை மூடிக் குடுத்தனான்," என்றான், பெரிய காரியம் செய்தவன் போல.

அவனை ஏச எனக்கு நேரமில்லை. அடுத்த லோஞ்சுப் படகுக்குக் காத்திருந்தால் சபை கலைந்த பிறகுதான் போய்ச் சேரலாம். உண்மையான பேணியைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு ஓடினேன். வலை காய வைத்துக்கொண்டிருந்த ஒருவரைக் கெஞ்சி, அவருடைய எஞ்சின் வள்ளத்தில் ஏறினேன்.

குடாவில் அலை கொந்தளித்தது. நான் எழும்புவதும் இருப்பதுமாக இருந்தேன். பேணியில் தண்ணீர் தெறிக்காமல் சட்டையைக் கழற்றிச் சுற்றினேன். கிண்ணியாக்காரர் மரத்தைக் கடிக்கும் சத்தம் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தப் பிள்ளையின் கலியாணம் என் கடை டொபியால் குழம்பினால் நான் மூதூர் ஜெட்டியில் எப்படி முகம் காட்டுவது?

"கொஞ்சம் இருங்கோ ஐயா, வள்ளம் கவிழப்போகுது," என்றார் வள்ளக்காரர். "டொக்டர்மார்கூட மருந்துப் பெட்டியோட இப்பிடித் துடிக்க நான் காணேல்ல."

காக்காவின் வீட்டு வாசல் நிறையச் செருப்பு. ஈரச் சட்டையை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். பாயில் ஆண்கள் வட்டமாக இருந்தார்கள். காக்கா பேணியை முழங்காலோடு அணைத்து, மூடியின்மேல் கையை அழுத்தி வைத்தபடி, இந்தப் போகத்து நெல்லைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார். மாப்பிள்ளையின் வாப்பாவுக்குக் கண் நெல்லில் இல்லை, பேணியில்.

படித்தவன் என்றால் அந்த இடத்தில் வாயடைத்து நின்றிருப்பான். நான் நிற்கவில்லை.

"காக்கா, குறை நினைக்காதேங்கோ. கடல் தாண்டுற பேணி இந்தக் கச்சானுக்கு இளகிப்போகும். அதாலே நானே வந்து புதுசு மாத்திக் குடுக்கிறதுதான் எங்கட கடை வழக்கம்."

அப்படி ஒரு வழக்கம் அந்த நிமிடம் வரைக்கும் கிடையாது. காக்கா பேணியை நீட்டினார்; அவருடைய விரல்கள் மூடியை விட மறுத்தன. நான் இழுத்துத்தான் எடுத்தேன். மாப்பிள்ளையின் வாப்பா ஒரு டொபியை வாயில் போட்டு நிதானமாகச் சப்பினார். டவுண் கடைக்காரர் இனிப்போடு கடல் கடந்து வருவதை இப்போதுதான் காண்கிறேன் என்றவர், கலியாணத்துக்கும் என்னிடமே எடுக்கவேண்டும் என்று அங்கேயே சொல்லிவிட்டார். பேச்சு முற்றாகியது.

என்னை வழியனுப்பக் காக்கா படலைவரை வந்தார். ஒருவரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு கன்னத்தைத் தடவினார்.

"அவங்க வாசல்ல செருப்புக் கழட்டக்குள்ளதான் தம்பி, நான் ஒண்டக் கடிச்சுப் பார்த்தன். இன்னும் பல்லு ஆடுது. நீங்க வராட்டி நான் விடியுமட்டும் நெல்லத்தான் கதைச்சிருப்பன்."

நான் சொன்ன வழக்கத்தை மூதூர் முழுக்க நம்பிவிட்டது. அதன்பிறகு அங்கே எந்த விசேஷம் என்றாலும் பேணியோடு நானும் லோஞ்சு ஏறவேண்டி வந்தது, ஏறினேன். முதிரைக் கட்டைகளை அடுப்பில் போட்டுவிட்டேன்.

காக்கா மட்டும் கடைசிவரை மாறவில்லை. கடைக்கு வந்தால் பேணியைத் திறப்பித்து, நடுவில் இருந்து ஒன்றை எடுத்து, என் முகத்தைப் பார்த்தபடி மெதுவாகக் கடிப்பார். நானே என் கையால் காய்ச்சி, நானே சுற்றிய டொபிதான். என்றாலும் அவர் சப்பத் தொடங்கும்வரை எனக்கு மூச்சு வராது.