செக்போஸ்டில் தூக்கிய கைகள்

பள்ளிப்பட்டு ரோட்டுச் செக்போஸ்டில் எனக்கு வேலை, பெண்களைத் தடவிப் பார்ப்பது. ஆந்திராவிலிருந்து வரும் பஸ்ஸில் வயிற்றோடு சைக்கிள் டியூப் கட்டிச் சாராயம் கொண்டுவருவார்கள். முதல் நாளே ஏட்டையா சொல்லிக்கொடுத்தார்: "மூஞ்சியப் பாக்காதம்மா. வயித்துல கைய வையி. டியூப்பு குலுங்கும், புள்ள உதைக்கும்." பிள்ளைகளிடம் நான் நிறைய உதை வாங்கியிருக்கிறேன்.

அப்போது குடித்தாலே கேஸ். பிறகு ஒரு நாள் மதுவிலக்கை எடுத்துவிட்டார்கள். இனிமேல் கடையில் வாங்கிக் குடிப்பது குற்றமில்லை என்று ஏட்டையா பஸ்ஸில் ஏறிச் சத்தமாகச் சொன்னார். கேட்டுக்கொண்டே பெண்கள் இறங்கினார்கள். வழக்கம்போல வரிசையாக நின்று கையைத் தூக்கினார்கள்.

"இன்னாம்மா, ஜோசியம் பாக்கணுமா? போங்க!" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. பஸ் போன பிறகும் அந்த வரிசையில் இருந்த கன்னியம்மா மட்டும் நின்றாள். கையில் கடைப் பாட்டில். முன்பு சாராய ரெய்டில் தப்பி ஓடிய அவள் புருஷன் எதிரே இருந்த கரட்டுப் பாறைக் குன்றில் ஒளிந்திருந்தான்.

"அவன் மேல கேஸே போடலம்மா" என்றார் ஏட்டையா.

"சொல்லிட்டேங்க. போலீசு கட்டுன கதைன்றாரு. காச்சல் அனலாக் கொதிக்குது, எறங்க மாட்றாரு. அங்கியே செத்துடுவாரு. அக்கா, பாத்துகினுதான் இருப்பாரு. என்னச் சோதன போடு. பாட்டில எடுத்துக் காட்டு. திரும்ப என் கையிலயே குடு."

உச்சி வெயிலில் நடுரோட்டில் அவளை நிறுத்தினேன். பாட்டிலை உயரத் தூக்கிக் காட்டி, அவளிடமே கொடுத்தேன். கரட்டில் ஓர் இலைகூட அசையவில்லை. காக்கைகூடக் கத்தவில்லை. யாரோ பார்ப்பதுபோல என் உடம்பு கூசியது.

ஒரு பாறைக்குப் பின்னால் தலை எழுந்தது.

"அது அவரு இல்லக்கா" என்றாள்.

இன்னொரு பாறையிலிருந்து ஒருவன். புதரிலிருந்து வேறொருவன். ரெய்டுக்குப் பயந்து ஓடியவர்கள் இத்தனை பேர் எங்களையே பார்த்துக்கொண்டு கிடந்தது எங்களுக்குத் தெரியாது. சத்தமில்லாமல் இறங்கி வந்து, என் முன்னால் வரிசையாக நின்று, கையைத் தூக்கினார்கள்.

"நான் பொம்பளைங்களத் தடவுற ஆளுய்யா!"

ஒரு கையும் இறங்கவில்லை.

கடைசியாக அவள் புருஷன் தள்ளாடி வந்தான். அவள் நீட்டிய பாட்டிலை அவன் பார்க்கவேயில்லை. கையைத் தூக்கிக் கண்ணை மூடினான். எனக்குக் கேலி வரவில்லை. விலாவில் கை வைத்தேன். எலும்பும் சூடும்தான் தட்டுப்பட்டன.

"ஒண்ணுமில்ல நைனா. வூட்டுக்குப் போ."

அப்புறம்தான் அவன் கை இறங்கியது. கன்னியம்மா அவனைத் தாங்கிக்கொண்டு ரோட்டோரம் போனாள். மற்றவர்கள் அப்படியே நின்றார்கள். ஒவ்வொருவனையும் தொட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

இந்த வேலைக்கு வரும் பெண்களுக்கு ஒன்று சொல்வேன். சட்டத்தை மெட்ராஸில் எடுத்துவிடலாம். ஆள்மேலிருந்து அது இறங்க, பிடித்த கையே வந்து தொட்டு, 'போ' என்று சொல்ல வேண்டும்.