ஜீப்புக்கும் ஒரு அறுவைச் சிகிச்சை

என் மனைவிக்கு முழங்கால் மூட்டு மாற்றி நாலு மாதம் ஆகியிருந்தது. எங்கள் பழைய ஜீப்பின் முன்பக்க டிஃப்ரன்ஷியல் தேய ஆரம்பித்தோ நாலு வருடம். ஒன்றுக்கு உடனே வைத்தியம் பார்த்தோம். இன்னொன்றை, நோயாளி வாய்திறந்து கேட்கவில்லை என்ற தைரியத்தில் நான் விட்டுவைத்திருந்தேன்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை எங்கள் சர்ச்சில், நாங்கள் கோயில் என்போம், ஸ்தோத்திரப் பண்டிகை. விளைச்சலின் முதல் பங்கை ஆராதனையில் கொண்டுவந்து வைப்பது வழக்கம். முக்கூடலுக்கு அந்தப் பக்கம் ஆற்றோரத்தில் என் மனைவி பேரில் முக்கால் ஏக்கர் இருக்கிறது. கணக்கு டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், தானே கூட நின்று கன்று ஊன்றிய வாழை. முதல் குலை முற்றிவிட்டது, வெட்டிக் கொடுத்தனுப்பவா என்று தோட்டக்காரர் புதன்கிழமை போனில் கேட்டார்.

"வேண்டாம். நானே வந்து வெட்டுதேன்" என்றாள்.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். மழைக்குப் பிறகு தோட்டத்துப் பாதையில் கடைசி இரண்டு ஃபர்லாங் முழுக்கச் சேறு. அதில் நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். டிராக்டரில் தொற்றி ஏறப் புது மூட்டு இடம் கொடுக்காது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் ஜீப் ஒன்றுதான் வழி. முன்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கிற பல்சக்கரக் கூடுதான் டிஃப்ரன்ஷியல். நாலு சக்கரமும் இழுப்பதற்கான லீவரைப் போட்டால் அது பாக்கு இடிப்பதுபோல் சத்தம் போட்டுவிட்டு, இழுக்காமல் நழுவியது.

மெக்கானிக், மச்சினிச்சி கல்யாணம் என்று கடையைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார். "நானே மாத்திருவேன்" என்றேன்.

அவள் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே நான் பிரித்து மாட்டிய மிக்சி இருந்தது. நன்றாகத்தான் ஓடும். நிறுத்துவதற்கு மட்டும் பிளக்கைப் பிடுங்க வேண்டும்.

வியாழக்கிழமை காலையில் பழைய வண்டிச் சாமான் விற்கிற கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். "அண்ணாச்சி, ஒங்க வண்டிக்குன்னே பெத்துப் போட்டது இது." தேங்காயைத் தட்டுவதுபோல் தட்டிப் பார்த்தேன். என்ன சத்தம் வரவேண்டும் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

வீட்டு முற்றத்தில் ஜீப்பைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினேன். வடித்த ஆயிலில் இரும்புத் துகள்கள் ஜரிகைபோல் மின்னின. சக்கரங்களைக் கழற்றி, இரண்டு பக்கமும் ஆக்சிலை உருவி, அடியில் மல்லாந்து படுத்துக் கடைசி நட்டையும் எடுத்தேன். கழன்ற டிஃப்ரன்ஷியல் நேராக என் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. என்னால் அசைய முடியவில்லை.

மதில் மேல் பக்கத்து வீட்டுக்காரர் தலை தெரிந்தது. தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"என்ன வே, அடியில படுத்து ஒறங்குதீரா?"

"பிரசவம் பாக்கேன்."

"தாயும் பிள்ளையும் சொகமா?"

"பிள்ள வந்துட்டு. அப்பன் நெஞ்சுல கெடக்கு. வந்து தூக்கும் வே, மூச்சு முட்டுது!"

வந்து தூக்கினார். தூக்கிய பிறகு ஐந்து நிமிடம் சிரித்தார்.

இதையெல்லாம் என் மனைவி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டி மடக்கும் பயிற்சியைச் செய்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். "பழசுல எத்தன பல்லு, வாங்குனதுல எத்தன பல்லுன்னு எண்ணிப் பாத்தியளா?" என்று கேட்டாள்.

"டீச்சர், ரெண்டும் அச்சுல வார்த்தாப்ல இருக்கு. கண்ணால பாத்தாலே தெரியுது."

"பரீட்சைப் பேப்பர்ல இப்படித்தான் எழுதி வைப்பானுவ. கண்ணால பாத்தேன்னு."

நான் எண்ணவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் பூட்டி, புது ஆயில் ஊற்றி, வண்டியைப் பக்கத்து மைதானத்துக்கு எடுத்துப்போனேன். நாலு சக்கரத்துக்கான லீவரைப் போட்டேன். நேராகத்தான் ஓட்டினேன். ஆனாலும் பின்னால் யாரோ கயிறு கட்டிப் பிடித்ததுபோல் வண்டி திணறியது. டயர் உரசி உரசிக் கத்தியது. லீவரை எடுக்கலாம் என்றால் அது வரவும் இல்லை. கொஞ்சம் ரிவர்சில் போன பிறகே விட்டது.

வாசலிலேயே கேட்டாள். "ஓடுதா?"

"பட்டு மாதிரி."

என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு, கழற்றிப் போட்டிருந்த பழையதைத் தன் பக்கம் நகர்த்தச் சொன்னாள். சாக்பீஸால் ஒரு பல்லில் கோடு போட்டு, பெரிய சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி எண்ணினாள். நாற்பத்தொன்று. சின்னதில் பதினொன்று.

"இப்ப மாட்டுனதுல?"

நான் துணியால் கையைத் துடைத்தேன். ஏற்கெனவே துடைத்த கைதான்.

"முன்னால ஒரு கணக்கு, பின்னால ஒரு கணக்குன்னா முன்சக்கரம் ஒரு வேகம், பின்சக்கரம் ஒரு வேகம். வண்டி எப்படிப் போவும்?" திட்டியிருந்தால் ஏதாவது கிண்டலாகச் சொல்லித் தப்பித்திருப்பேன். அவள் திட்டவில்லை. போனைக் கையில் எடுத்தாள். "பரவால்ல, விடுங்க. நீங்களும் ரெண்டு நாளா மண்ணுல கெடந்துட்டிய. தோட்டக்காரர வெட்டிக் கொண்டாரச் சொல்லிருதேன்."

அந்தக் குரலை எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் வலிக்கிறதா என்று கேட்டபோதெல்லாம் "இல்ல" என்று சொன்ன குரல்.

"போன வையி. நாளைக்கு நீதான் வெட்டுத" என்றேன். சொல்லிவிட்டு மறுபடியும் ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்தேன்.

இருட்டுவதற்குள் வெளியே எடுத்து எண்ணினோம். நாற்பத்து மூன்று. சனிக்கிழமை கடை திறக்கும்போதே சாக்பீஸோடு போய் நின்றேன். குவிந்து கிடந்தவற்றில் ஒவ்வொன்றாகக் கோடு போட்டு எண்ண ஆரம்பித்ததும் கடைக்காரர் பயந்துவிட்டார். "அண்ணாச்சி, நீங்க எந்த ஆபீசுலருந்து வாறீய?" ஆறாவதில் நாற்பத்தொன்றும் பதினொன்றும் இருந்தன. ஒரு தடவைக்கு மூன்று தடவை எண்ணி, மாற்றி வாங்கி வந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் இந்த முறை மதில் மேல் நின்று விசாரிக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராகவே வந்துவிட்டார்.

மூன்று மணிக்குக் கிளம்பினோம். ஞாயிற்றுக்கிழமைக்கென்று தேய்த்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையை, வெற்றி வீரனல்லவா, அன்றே போட்டுக்கொண்டேன். சேறு தொடங்கும் இடத்தில் லீவரைப் போட்டேன். சத்தமே இல்லை. முன்சக்கரம் சேற்றைக் கவ்வி இழுக்க, பின்சக்கரம் தள்ள, ஜீப் பைய ஊர்ந்து தோட்டத்துக்குள் போய் நின்றது. அவள் என் முழங்கையில் ஒட்டியிருந்த கிரீஸை முந்தானையால் துடைத்தாள்.

தோட்டக்காரர் வரிசைகளுக்கு நடுவே வாழைச் சருகைக் கனமாகப் பரப்பி வைத்திருந்தார். என் தோளைப் பிடித்து இறங்கினாள். அரிவாளை வாங்கிக்கொண்டாள். "நீங்க கீழ நின்னு தாங்கிக்கிடுங்க" என்றாள். முதல் வெட்டு பாதிதான் இறங்கியது. காலை மாற்றி ஊன்றி இரண்டாவது வெட்டு வெட்டினாள். குலை முழுப் பாரத்தோடு என் தோளில் விழுந்தது. வாழைக் கறை சட்டை முழுக்க வழிந்தது.

"போவாது" என்றாள், சட்டையைப் பார்த்து.

"எறக்கி வைக்கட்டா?"

"கீழ வைக்காதீங்க. கோயிலுக்குப் போறது."

அரிவாளைத் தோட்டக்காரரிடம் கொடுத்துவிட்டு, சருகின் மேல் ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்து உள்ளே நடந்தாள். ஒரு மரத்தைத் தொட்டாள். அண்ணாந்து பார்த்தாள். அடுத்ததற்குப் போனாள். ஒரு வரிசை முடிந்தது. திரும்பி வருவாள் என்று நினைத்தேன். அடுத்த வரிசைக்குள் நுழைந்தாள்.

"ஏளா, தோளு எறங்கிட்டு!"

"இருங்க. நாலு மாசமாச்சுல்லா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சரி, சரி. பைய வா" என்றேன்.