ரோபோவுக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டில் முதன்முதலாக டிகிரி வாங்கிய நான், சேலையூரில் ஒரு தெரபி சென்டரில் ரோபோவுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தேன். கோபம் வந்தால் கைநீட்டும் பிள்ளைகளுக்கு அது பொறுமை சொல்லித்தரும்.

ஆயுதபூஜை போட்ட அன்று, ஒரு பையனின் அம்மாவிடம் மேனேஜர் கறாராகச் சொன்னார்: "இன்னைக்கும் யாரையாவது அடிச்சான்னா வேற சென்டர் பாத்துக்கோங்கம்மா."

உள்ளே, பெருக்குகிற அக்கா ரோபோவின் நெற்றிக் கேமரா மேலேயே குங்குமத்தை அப்பியிருந்தார். அது சுவரைப் பார்த்து, "வணக்கம் தம்பி" என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

பையன் அதன்முன் கையை ஓங்கினான். அவன் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அவனோ சட்டை நுனியால் குங்குமத்தைத் துடைத்துவிட்டு, அக்காவிடம் திரும்பினான்.

"லூசு அக்கா! கண்ணு மேலயா பொட்டு வைப்பே?"

அம்மா பதறினார். "சார், திட்டினா கணக்குல வராதுல்ல?"

"வராதும்மா" என்ற மேனேஜர், சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார்.